பன்னீர் தெளித்தவன் கேட்ட கூலி

கூகுளில் ‘இபே’ என்று தட்டினால் இபே வரும். இதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா? இணையக் கடையான இபே கொடுத்தது. பெயரைத் தட்டினால் உச்சியில் இபே விளம்பரம், அதற்குக் கீழேயே இபேயின் இலவச முகவரி. கை முதலில் மேலே இருப்பதைத்தானே அமுக்கும்? அமுக்கினால் இபேயின் கல்லாவிலிருந்து காசு கழன்றுவிடும். தன் வீட்டுக்குள் நுழையத் தானே டிக்கெட் வாங்கிய கம்பெனி அது.

இத்தனைக்கும் சாமர்த்தியம் இல்லாத கடை இல்லை. 1995இல் பியர் ஒமிட்யார் தொடங்கியபோது அங்கே முதலில் விலைபோனது உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. உடைசலைக் காசாக்கியவர்கள், பிற்பாடு பத்து கோடிக்கும் மேற்பட்ட தேடுசொற்களுக்கு விளம்பர ஏலம் கேட்டுக் காசை உடைத்தார்கள்.

2011இல் பெர்க்லியிலிருந்து ஸ்டீவ் டடேலிஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அங்கே வேலைக்கு வந்தார். இபேயின் விளம்பர ஆலோசகர்கள், போட்ட டாலர் பல மடங்காகத் திரும்புகிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்றார் இவர். ஏதேதோ ரகசியச் சூத்திரங்களைச் சொன்னவர்கள், விடாமல் குடைந்ததும் ‘லாக்ராஞ்சு பெருக்கிகள்’ என்ற கணித முறையைச் சொன்னார்கள். 1813இல் செத்துப்போன கணித மேதையைச் சாட்சிக்கு இழுத்தால் யார் குறுக்கு விசாரணை செய்யப்போகிறார்கள் என்ற தைரியம். எதிரே இருந்தவருக்கோ லாக்ராஞ்சு அன்றாடச் சோறு. இந்தக் கேள்விக்கும் லாக்ராஞ்சுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று டடேலிசுக்குத் தெரியும்.

கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவன், பந்தியில் விழுந்த இலைகளை எண்ணி, ‘இத்தனை பேரையும் கூட்டி வந்தது நான்தான்’ என்று கூலி கேட்டால் எப்படி இருக்கும்? ஆலோசகர்களின் கணக்கும் அதுதான்.

அவன் சொல்வது நிஜமா என்று பார்க்க ஒரே வழி, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தலைகளை எண்ணுவது. அப்படித்தான் 2012 மார்ச்சில் யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் இபே பெயருக்கான விளம்பரங்கள் நின்றன. போன கிளிக்குகளில் 99.5 சதவீதம் கீழே இருந்த இலவச இணைப்பு வழியாக வந்து சேர்ந்தன. முந்தின வருடம்தான் கூகுள் ஆய்வாளர்கள், விளம்பரத்தை நிறுத்தினால் அந்தக் கிளிக்குகளில் சராசரியாக 89 சதவீதம் திரும்பவே திரும்பாது என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரரே எடை போட்டால் தட்டு கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

பெயர் சரி, ‘கிடார்’, ‘செருப்பு’ என்று தேடுகிறவர்கள்? டடேலிசும் அவரோடு சேர்ந்த தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோவும் அமெரிக்காவின் 210 தொலைக்காட்சிச் சந்தைகளில் குலுக்கல் முறையில் சுமார் 30 சதவீதத்தில் கூகுள் விளம்பரங்களை நிறுத்தினார்கள். விற்பனை அசையவில்லை. வழக்கமான முறையில் கணக்குப் போட்டால் 4,000 சதவீதத்துக்கும் மேல் லாபம் காட்டிய அதே விளம்பரம், இந்தச் சோதனையில் 63 சதவீத நஷ்டம். டாலருக்கு 37 சென்ட்தான் மிச்சம்!

விளம்பரம் அடியோடு தண்டம் என்றும் இல்லை. இபேயை அறியாதவர்களையும், அங்கே எப்போதாவது மட்டும் வாங்குகிறவர்களையும் அது கொஞ்சம் அசைத்தது. ஆனால் காசின் பெரும்பகுதியைத் தின்றவர்கள், எப்படியும் வந்து வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள்.

2013இல் இது வெளியே வந்ததும், இபேயின் விளம்பரங்களே மட்டம் என்று சிலர் கிளம்பினார்கள். தேடுகிறவர் தட்டிய சொல்லை அப்படியே தலைப்பில் செருகி, உலகத்தில் உள்ள சகலமும் இபேயில் மலிவாகக் கிடைக்கும் என்று அறிவித்த இயந்திரம் அது. அந்த வசவை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ‘எங்கள் கட்சிக்காரர் இபே இல்லையே’ என்பது விளம்பர ஆலோசகர்களின் இன்னொரு வாதம். பெயர் தெரியாத சின்னக் கடைக்கு அது நியாயம்தான். அப்படியானால் பாதி ஊர்களில் ஒரு மாதம் நிறுத்திப் பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். இப்போது வேண்டாம், கிறிஸ்துமஸ் சீசன் வருகிறது என்பார்கள், அது ஜனவரியாகவே இருந்தாலும்.