விரிசலும் விலையும்

கேள்வி: அப்பா கட்டிய வீட்டை விற்கப் போகிறோம். இன்ஜினியரை அழைத்துக் காட்டச் சொல்கிறார் என் கணவர். வாங்குகிறவர்தானே பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: அவரும் பார்ப்பார் அம்மா. ஆனால், அவர் விரிசலைப் பார்க்கும்போது கையில் கால்குலேட்டர் இருக்கும்! சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பார்த்த ஊர் உங்களுடையது. அஸ்திவாரத்தை எட்டிப் பார்க்கவா தயக்கம்?

சுரங்கம் ஓடிய காலத்தில் பாறை வெடிப்பு அதிர்வுகளைக் கண்ட பூமி அது. அதனால் கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்களை முதலில் காட்டுங்கள். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். சில மாதங்களில் அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். உடையாவிட்டால், பேரம் பேச வருகிறவரிடம் அதையே காட்டலாம்.

சுவரைவிடப் பத்திரம் முக்கியம். 2001-இல் மூடப்பட்ட பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் குடியிருப்புப் பகுதியில் கட்டியது என்றால், எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சொந்த மனையென்றால் வில்லங்கச் சான்றும் காத்தாவும் (நகராட்சிச் சொத்துப் பதிவு) எடுத்து வையுங்கள்.

புதுப் பெயிண்ட் அடித்து விரிசலை மறைக்க மட்டும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்து, வாங்குகிறவர் கவனமாகப் பார்த்தாலும் கண்ணில் படாத பெரிய குறையை நீங்களே சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு. இந்த விஷயத்தில் என் ஓட்டு உங்கள் கணவருக்கே.