பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டவர்

எறையூர்க்காரர் ஒருவர் தன் ஸ்கூட்டருக்கு எண்ணெய்க் குளியல் நடத்திய கதை இது. அவரும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். ஆனாலும் இப்படிப்பட்ட காரியங்களைத் தன்மையில் சொல்வதைவிடப் படர்க்கையில் சொன்னால் மானம் கொஞ்சம் மிஞ்சும். ஆகவே 'அவர்'.

அவருடைய வண்டி கியர் இல்லாத ஸ்கூட்டர். 31,000 கிலோமீட்டர் ஓடியது. கால் வைக்கிற இடத்தில் ஒரு சின்ன வெங்காய மூட்டை, பின் சீட்டில் இன்னொன்று, நடுவில் அவர் என்று மூன்று மூட்டைகளைச் சுமந்து பழகியது. அரவைக் காலம் வந்தால் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் நத்தை வேகத்தில் ஊர்ந்தும் பழகியது. இந்த ஊர்தல்தான் பின்னால் வில்லனாக வரப்போகிறது என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

முதலில் கிளம்பும்போது ஒரு நடுக்கம். பிறகு காலையில் மட்டும் ஒரு கீச். அவர் யோசித்தார். கதவு கீச்சிட்டால் எண்ணெய், சைக்கிள் செயின் கீச்சிட்டால் எண்ணெய், சனிக்கிழமையானால் தலைக்கு எண்ணெய். நம் ஊரில் எண்ணெய்க்கு அடங்காத சத்தம் என்று ஒன்று உண்டா?

ஞாயிற்றுக்கிழமை காலை. கிக்கரைக் கழற்றினார். எட்டு நம்பர் ஸ்பானரால் இடப்பக்க மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினார். உள்ளே கறுப்பாக, பல் வைத்த பெல்ட் ஒன்று இரண்டு சக்கரங்களைச் சுற்றிக் கிடந்தது. மேலெல்லாம் கரித்தூள். "பாவம், காஞ்சு போயிருக்கு" என்று மனமிரங்கி, வீட்டம்மாவின் தையல் மெஷின் எண்ணெயைக் கடைசிச் சொட்டு வரை அதன் மேல் விட்டார். மூடியை மாட்டினார். ஒரு போல்ட் மிச்சமிருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆக்ஸிலேட்டரைத் திருகினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. இன்னும் திருகினார். வடம் பிடிக்க ஆளில்லாத தேர் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, ரப்பர் கருகும் வாசத்தை மட்டும் வெளியே அனுப்பியது. கீச் சத்தம் நின்றுவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மெக்கானிக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கேட்கத் தோன்றுவது ஒரே கேள்விதான். "என்ன மாமா, பெட்ரோல் இல்லையா?" ஏழு பேர் கேட்டார்கள். ஆறு பேருக்கு "இருக்கு" என்றார். ஏழாவது ஆளிடம் "இல்லை" என்று சொல்லிவிட்டார். பெட்ரோல் தீர்ந்தவனுக்கு ஊரில் இருக்கிற மரியாதை பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டவனுக்குக் கிடைக்காது.

மெக்கானிக் மூடியைத் திறந்தார். பேசவில்லை. விரலால் பெல்ட்டைத் தொட்டு, மோந்து பார்த்தார்.

"அண்ணே, இது உராய்ஞ்சு ஓடுற சாமான். வழுக்குனா எப்படிண்ணே ஓடும்?"

பிறகு பாடம் நடந்தது. முன்னால் எஞ்சினோடு சுற்றுகிற புல்லி, பின்னால் டயர் பக்கம் ஒரு புல்லி. ஒவ்வொன்றும் முகத்தோடு முகம் வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள். முன் புல்லிக்குள் ரோலர்கள் இருக்கின்றன, இந்த வண்டியில் ஆறு. எஞ்சின் வேகம் பிடித்ததும், ராட்டினத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் வெளிப்பக்கம் தள்ளப்படுகிற மாதிரி ரோலர்கள் வெளியே ஓடித் தட்டை நெருக்கும். நெருக்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாதே, அதனால் பின் புல்லி தன் ஸ்பிரிங்கை மீறி விரிந்து பெல்ட்டை உள்ளே இறங்க விடும். முன்னால் பெரிய வட்டம், பின்னால் சின்ன வட்டம்: அதுதான் டாப் கியர். கியரே இல்லாத வண்டி என்று நாம் சொல்வதற்கு உள்ளே நடப்பது, ஓயாத கியர் மாற்றம்.

பின் புல்லியோடு கிளட்ச் ஷூக்கள். வேகம் கூடினால் விரிந்து, சுற்றியிருக்கிற கிண்ணத்தைப் பிடித்து டயரைச் சுழற்றும். டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தால் அவை முழுசாகப் பிடிப்பதுமில்லை, விடுவதுமில்லை. தேய்ந்து, சூடேறி, கண்ணாடி மாதிரி மழமழத்துப் போகும். கிளம்பும்போது வந்த நடுக்கம் அதனால்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தாலே பெரும்பாலும் அடங்கியிருக்கும். ரோலர்களைக் கழற்றிக் காட்டினார். உருண்டையாக இருக்க வேண்டியவை, ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கின தலையணை மாதிரி சப்பையாகியிருந்தன.

"இன்ஜின் ஆயில் மாத்துனீங்க, பெட்ரோல் ஊத்துனீங்க. இதை ஒரு நாளாவது திறந்து பாத்தீங்களா?"

"இன்னிக்குப் பாத்தேனே" என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டார்.

அன்று இரவு கனடாவிலிருந்து மச்சினர் மகன் வீடியோவில் வந்தான். அவனிடம் பனி ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கி மாதிரி பட்டைச் சங்கிலி. கதையைக் கேட்டு அரை நிமிடம் சிரித்துவிட்டு, வண்டியின் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே அதே கூம்புத் தட்டுகள், அதே கறுப்புப் பெல்ட்!

"இங்கேயும் அதே பாடுதான் மாமா. தட்டுல கையாலகூட எண்ணெய் படக் கூடாது. புது பெல்ட்டுன்னா சோப்புத் தண்ணில கழுவிக் காய வச்சு மாட்டுவோம். முதல் ஐம்பது கிலோமீட்டர் மெதுவாத்தான் ஓட்டணும். பெல்ட் தொய்வு சரியா இருக்கா, ரெண்டு புல்லியும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கான்னு அளந்து பாக்கணும்."

அவனுடைய வண்டியில் தனி ஷூ கிளட்ச் கிடையாது. முன் புல்லியே பெல்ட்டைக் கவ்வியும் விட்டும் கிளட்ச் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் தொய்வு கொஞ்சம் தப்பினாலும் கிளம்பும்போதே வண்டி முரண்டு பிடிக்குமாம். ஒரு உபரி பெல்ட் எப்போதும் கூடவே இருக்கும். பனிக்காட்டுக்குள் பெல்ட் அறுந்தால் "பெட்ரோல் இல்லையா" என்று கேட்கக்கூட ஆள் வராது.

இந்தப் பெல்ட்டின் வம்சாவளி நீளமானது. 1958-இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் பெல்ட்டில் ஓடும் காரைக் காட்சிக்கு வைத்தது. அந்த வண்டிகள் முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகும் என்பதால், டச்சுக்காரர்கள் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள். 1959-இல் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 'ஸ்கி-டூ' பனி வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'ஸ்கி-டாக்' என்று வைத்த பெயர் அச்சுப்பிழையில் இப்படி மாறியது என்று ஒரு கதை உண்டு. பிழை திருத்துபவர் அன்று நம்மவரைப் போல ஞாயிறு வேலையில் இருந்திருப்பார் போலும். இந்தியாவில் கைனெடிக் ஹோண்டா 1980-களில் இந்த ஏற்பாட்டை வீதிக்குக் கொண்டுவந்தது. இன்று குல்மார்க்கில் சுற்றுலாக்காரர்களையும் சியாச்சினில் ராணுவத்தினரையும் பனி ஸ்கூட்டர்கள் சுமக்கின்றன.

மறுநாள் வண்டி திரும்பி வந்தது. புது பெல்ட், அம்புக்குறி ஓட்டத் திசையைப் பார்த்தபடி. புது ரோலர்கள். தட்டுகளும் ஷூவும் கிண்ணமும் துடைத்துத் தேய்த்துச் சுத்தம். பெல்ட்டின் ஆயுள் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டிலேயே போட்டிருக்கும் என்றார் மெக்கானிக். கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது. பழைய பெல்ட் இப்போது தொழுவத்தில் தொங்குகிறது. தையல் மெஷின் கீச்சிடுகிறது.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. மூடியின் எல்லாப் போல்ட்டுகளும் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று மெக்கானிக் இரண்டு முறை எண்ணிச் சொல்லிவிட்டார். அப்படியானால் சட்டைப்பையில் இருப்பது யாருடையது? எட்டு நம்பர் தலை, கட்டைவிரல் நீளம், லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. உரியவர்கள் எறையூர் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.