மருமோனுக்கு மார்க்கு வாங்குத வழி

வா மருமோனே, இரி. நகரசபை மெம்பர் ஆயிட்டே. எந்த வார்டுன்னு வெளியே சொல்ல மாட்டேன்; நம்ம குடும்ப மானம்.

ஊருக்கு நல்ல மார்க்கு வாங்கித் தரணும், வழி சொல்லும் மாமான்னுதானே கேக்கே? வாரியலைத் தேடாதே. நல்லா எழுதத் தெரிஞ்ச கிளார்க்கு ஒருத்தனைத் தேடு.

2016-ல பெங்களூர்ல இருக்க ஜனாக்கிரகாங்குத அமைப்புக்காரங்க 21 நகரத்தோட நிர்வாகத்தை அளந்ததுல நம்ம திருவனந்தபுரம் முதல் இடம். சாலைக் கடைத்தெருவுல நெஞ்சை நிமித்திட்டு நடந்தேன், நடுவுல ஓடைத் தண்ணியைத் தாண்டித் தாண்டி. மறு வருசம் டெல்லிக்காரன், அதாவது மத்திய சர்க்கார், ஸ்வச் சர்வேக்ஷண்னு சுத்தம் பாத்தான். 434 ஊர்ல நமக்கு 372-வது இடம். ஒரே வருசத்துல ஊரு நாறிப் போச்சாக்கும்? போகல்ல. பெங்களூர்க்காரன் பாத்தது சட்டம், அதிகாரம், பட்ஜெட்டு. ஓடைக்குள்ள அவன் எட்டியே பாக்கல்ல.

சரி, டெல்லிக்காரன் பாத்தானா? அப்போ மொத்தம் 2000 மார்க்கு. நகரசபை தன்னைப் பத்தித் தானே எழுதிக் குடுக்குத காகிதத்துக்கு 900. ஜனங்க சொல்லுததுக்கு 600. நேர்ல வந்து கண்ணால பாக்கதுக்கு வெறும் 500! விக்கவனே தராசையும் பிடிச்சு, சீட்டையும் எழுதுத மாதிரி. அந்த 900-ஐக் கூட ஒழுங்கா எழுதத் தெரியாம போச்சே நமக்கு, அதுதான் எனக்கு வெக்கம்.

விளப்பில்சாலைக்காரங்க இந்த வம்புக்கெல்லாம் போகல்ல. நம்ம குப்பையை வருசக்கணக்கா மோந்து பாத்துட்டு, 2011 டிசம்பர்ல அங்க இருந்த நகரசபைக் குப்பை ஆலைக் கேட்டுல பூட்டைப் போட்டாங்க. மார்க்குன்னா அது மார்க்கு. பிறகுதான் நகரசபைக்குக் குப்பையைப் பிரிக்க ஞாபகம் வந்துது.

2024 ஜூலையில தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில போகுத ஆமையிழஞ்சான் தோட்டுல, குப்பை வார இறங்கின தொழிலாளி ஒருத்தன் முங்கிப் போனான். உடம்பு கிடைச்சது மூணாம் நாள். யாரு குப்பைன்னு ரயில்வேயும் நகரசபையும் ஒண்ணையொண்ணு கை காட்டிட்டு நின்னுது. இதுல எனக்குக் கேலி வரமாட்டேங்குது மருமோனே. அதே வருசம் அக்டோபர்ல எகிப்துல, அலெக்சாண்டிரியாவுல வச்சு, நீடிச்ச வளர்ச்சிக்குன்னு ஐ.நா.வோட ஷாங்காய் விருது நம்ம நகரசபைக்கு! மறு வருசம் டிசம்பர்ல நகரசபைக்கு ஓட்டு. விருது வாங்கினப்போ நகரசபையை ஆண்ட அணி தோத்துப் போச்சு. விருதைக் கூடக் கொண்டு போக வழியில்லை, அது நகரசபைக்குச் சொந்தம்.

2025-ல வந்த டெல்லிப் பட்டியல்ல 89-க்கு ஏறிச்சு. பொய்யின்னு சொல்ல மாட்டேன். குப்பை சேகரிக்குத ஹரித கர்ம சேனைப் பெண்ணுங்க வீடு வீடா ஏறி இறங்கி வாங்கித் தந்த இடம் அது. பேனர்ல உன் படத்தைப் போடுததுக்கு முன்னால அவங்க படத்தைப் போடு. சம்பளம் நேரத்துக்குப் போய்ச் சேருதான்னும் விசாரி.

நேர்ல வந்து பாக்கதுக்குன்னு சொன்னேனே, அந்த 500 மார்க்கு, அதை டெல்லிக்காரனுக்கு விட்டுக் குடுக்காதே. நல்லா மழை பெய்யுத அன்னைக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு கிழக்கேகோட்டையிலேருந்து கிள்ளிப்பாலம் வரை நடந்து நீயே போடு. போட்டோ எடுக்கவனை மட்டும் கூட்டிட்டு வராதே.