ருசி எப்போது போகும்?

கேள்வி: உடம்பின் ஆசை பாவம் என்பதுதானே வேதாந்தம்?

பதில்: அப்படியானால் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில், அறத்துக்கு மாறுபடாத காமமாக உயிர்களில் இருப்பவன் நானே என்று கண்ணன் சொல்வானா? மூன்றாம் அத்தியாயத்தில், எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத பகைவன் என்று காமத்தைச் சொன்னவனும் அவனேதான். ஆசை இருக்கலாம், அது நம்மை ஓட்டக் கூடாது.

கேள்வி: ஏகாதசிக்குப் பட்டினி இருக்கிறேன். அன்றைக்குத்தான் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. ஏன்?

பதில்: வாயைப் பூட்டிவிட்டீர்கள், மனசு அடுப்பங்கரையில் வடை சுட்டுக்கொண்டிருக்கிறது. பட்டினி கிடப்பவனை விட்டு விஷயங்கள் விலகும், ருசி விலகாது, மேலானதைக் கண்டால்தான் அதுவும் போகும் என்கிறது கீதை (2:59). விரதத்தை விட வேண்டாம். அன்றைக்கு மனசு போய் உட்கார நல்ல இடம் ஒன்று கொடுங்கள். வெறும் வயிறு மட்டும் போதாது.

கேள்வி: ஆசையே இல்லாதவனுக்கு என்ன சுகம் இருக்கப்போகிறது?

பதில்: தைத்திரீய உபநிடதம் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறது. நல்லவன், படித்தவன், திடகாத்திரமான இளைஞன். பூமியின் செல்வமெல்லாம் அவனுக்கு. அவன் இன்பத்தை ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது. அதைப்போல் 100 மடங்கு மனித கந்தர்வருக்கு. அதற்கு 100 மடங்கு தேவ கந்தர்வருக்கு. இப்படியே பித்ருக்கள், தேவர்கள், இந்திரன், பிரகஸ்பதி, பிரஜாபதி, பிரம்மா வரை நூறு நூறாக ஏறுகிறது. கந்தர்வர் தொடங்கி ஒவ்வொரு படியிலும் விடாமல் ஒன்றைச் சேர்க்கிறது: வேதம் கற்று, ஆசையால் அடிபடாதவனுக்கும் இதே இன்பம் உண்டு. இந்திரன் பதவி ஏறிப் பெற்றதை இவன் திண்ணையில் உட்கார்ந்தபடியே பெறுகிறான்! எனக்கு உபநிடதங்களிலேயே மிகப் பிடித்த இடம் இது.

எப்படி என்று கேட்டால், 14ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் எழுதிய பஞ்சதசி விளக்குகிறது. விரும்பியது கிடைத்ததும் மனம் ஒரு கணம் ஓய்ந்து உள்ளே திரும்புகிறது. அங்கே இருக்கும் ஆனந்தம் தெரிகிறது. காலையில் காபியின் முதல் வாய் உள்ளே போனதும் ‘அப்பாடா’ என்கிறோமே, அந்த நிம்மதி டம்ளரில் இருந்து வந்ததல்ல. தவிப்பு நின்றதால் வந்தது.

கேள்வி: குடும்பத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா? சந்நியாசம் வாங்கினால்தானா?

பதில்: நடக்கும். யாக்ஞவல்கியரிடம் ஆத்மவித்தை கேட்ட ஜனகர் நாடாண்ட அரசர். 1896இல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தவர் ரமணர். ஆனால் தம்மிடம் துறவு கேட்ட குடும்பஸ்தர்களுக்கு அவர் காவி கொடுக்கவில்லை. ‘நான் குடும்பஸ்தன்’ என்ற எண்ணம் போய், அந்த இடத்தில் ‘நான் சந்நியாசி’ என்ற எண்ணம் வந்து உட்காரும், மனம் கூடவே வரும் என்றார்.

கேள்வி: ஆசையிலிருந்து கொஞ்சமாவது விடுபட்டிருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஆசையிலிருந்து கோபம் பிறக்கிறது என்கிறது கீதை (2:62). நீங்கள் கேட்டது கிடைக்காத அன்று என்ன பேசினீர்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.