உடன் வந்தவரின் கடவாய்ப் பல்

பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டவனுக்கு இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, ஆயுசு முழுக்க இலவச வைத்தியம். இரண்டு, அது எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் நடக்கும். சினிமா கொட்டகையில் நான் வாய்விட்டுச் சிரித்தால் என் மனைவி திரையைப் பார்ப்பதில்லை, என் கீழ் வரிசையைப் பார்க்கிறாள். பெண் பார்க்கப் போன அன்றே இது ஆரம்பித்துவிட்டது. காபித் தட்டோடு வந்தவள் என் கண்ணைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே பார்த்தாள். "எவ்வளவு அடக்கம்!" என்று பெரியம்மா பூரித்துப்போனார். என் முன்பல்லில் இருந்த காபிக் கறையை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது தாலி கட்டிய பிறகுதான் தெரிந்தது. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது.

அப்படிப்பட்டவள், "மதுரைல மாநில அளவுல எங்க மாநாடு. நீங்களும் வாங்களேன், ஒரு மாறுதலா இருக்கும்" என்றாள். பல் டாக்டர் ஒருவரோடு குடித்தனம் நடத்துவதே சவால். நூற்றுக்கணக்கான பேர் நடுவில் போய் நிற்பதாவது! ஆனால் மதுரை என்றால் வேறு விஷயம். அவளுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள், எனக்குக் கறி தோசை. பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் அவளுக்கு, மேல் பெர்த் எனக்கு என்று சுமுகமாகப் புறப்பட்டோம்.

மாநாட்டு வாசலில் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். அவளுடையதில் பெயர், பட்டம், ஊர், பதிவு எண் எல்லாம் இருந்தன. என்னுடையதில் 'உடன் வருபவர்' என்று மட்டும் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சுருக்கமாக, சரியாகச் சொன்னதில்லை. கூடவே ஒரு பை. உள்ளே பிரஷ், பேஸ்ட், வாய் கொப்பளிக்கும் மருந்து, பல்லிடுக்கு நூல். தேங்காய் மட்டும்தான் இல்லை.

உடன் வருபவர்களுக்கென்று தனி நிகழ்ச்சி நிரலும் இருந்தது. மீனாட்சி அம்மன் கோயில், சுங்குடிச் சேலைக் கடை, பிறகு மருதாணி. உடன் வருபவர் என்றால் மனைவிதான் என்று யாரோ எப்போதோ முடிவுசெய்து, அதன்பின் யாரும் அதைத் திருத்தவில்லை போலிருக்கிறது. பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். உள்ளே இருந்த பெண்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர், "அண்ணா, உங்களுக்கும் மருதாணி சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். கோயிலுக்கு அப்புறம் தனியாகப் போய்க்கொள்ளலாம் என்று இறங்கி, ஏசி ஓடும் அரங்குக்குள் நுழைந்துவிட்டேன்.

அரங்குக்குப் போகும் வழியெல்லாம் ஸ்டால்கள். ஜிர்கோனியா கேப், டைட்டானியம் ஸ்க்ரூ, சாய்ந்தால் தூக்கம் வரும் நாற்காலி. ஒரு விற்பனைப் பிரதிநிதி பேனா அளவு கேமராவோடு, "ஃப்ரீ டெமோ சார், வாயை மட்டும் திறங்க" என்று வழிமறித்தார். நான் வாயை மூடிக்கொண்டே தலையசைத்துவிட்டு நகர்ந்தேன். காரணம் உண்டு. மேல் வரிசையில் இடது பக்கக் கடவாய்ப் பல் ஒன்றில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று இழுக்கும். வீட்டில் சொல்லவில்லை. மற்ற கணவர்கள் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சம்பளம், சிகரெட், சீட்டுப் பணம் என்று எவ்வளவோ இருக்கின்றன. எனக்கு இருப்பது இந்த ஒரு பல்தான்.

மேடையில் ஒரு மூத்த பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். கல்கத்தாவில் 1920இல் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய டாக்டர் ரஃபியுதீன் அகமதுவைப் பற்றிய பேச்சு. அமெரிக்காவில் அயோவாவில் படித்துவிட்டு வந்தவர். கல்லூரி நடத்தக் காசு வேண்டுமே? அதற்காக 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை திறந்து, அதன் வருமானத்தைக் கல்லூரியில் போட்டாராம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தியாவில் பல் மருத்துவப் படிப்பே சர்க்கரைத் தண்ணீர் விற்ற காசில் முளைத்தது என்பதை இத்தனை வருஷமாக என்னிடம் ஒருவர் மறைத்திருக்கிறார்! பேராசிரியர் அதோடு விடவில்லை. பஞ்சுமிட்டாய் இயந்திரத்தை 1897இல் ஒரு மிட்டாய்க்காரரோடு சேர்ந்து உருவாக்கிய வில்லியம் மோரிசனும் பல் டாக்டர்தான் என்றார். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அது சக்கைப்போடு போட்டதாம். தொழிலுக்குக் கிராக்கி குறையாமல் பார்த்துக்கொள்வதில் என்ன ஒரு தொலைநோக்கு!

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு வேதவாக்கு. சுவீடனில் விபெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940களில் ஒரு சோதனை நடந்தது. அங்கிருந்த நோயாளிகளுக்கு வகைவகையாக இனிப்பு கொடுத்துப் பல்லைக் கவனித்தார்கள். இன்றைக்கு அப்படிச் செய்தால் டாக்டரைத்தான் உள்ளே வைப்பார்கள். ஆனால் முடிவு முடிவுதான். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற இனிப்பு பல்லை அதிகம் கெடுக்கவில்லை, சாப்பாட்டுக்கு நடுவே மென்றுகொண்டே இருந்த ஒட்டும் டாஃபிதான் கெடுத்தது. இனிப்பு உள்ளே போனதும் வாயில் இருக்கும் கிருமிகள் அமிலம் சுரக்கும். அமிலம் அடங்கச் சுமார் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு மிட்டாய் போட்டால் அதே கணக்கில் சேரும். அடங்கிய பிறகு போட்டால் புதுக் கணக்கு. "எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட, எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் முக்கியம்" என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று தட்டினேன்.

அன்று இரவு சிம்மக்கல்லில் கோனார் மெஸ். கறி தோசையை அடுப்பருகே நின்று பார்க்க வேண்டும். கனமாக ஊற்றிய மாவு வேகும்போதே மேலே முட்டை பரவும். அது இறுகுவதற்குள் கறியை அள்ளி வைத்து அழுத்துவார்கள். பிறகு மொத்தத்தையும் ஒரே வீச்சில் புரட்டிப் போட்டு எண்ணெய் விடும்போது கல்லிலிருந்து எழும் சத்தத்திலேயே பாதிப் பசி அடங்கும், மீதிப் பாதி இரட்டிக்கும். என் மனைவி ரசித்துத்தான் சாப்பிட்டாள். ஆனால் நான் ஒரு எலும்பைக் கடவாயில் கொடுத்ததும் கை நின்றது.

"உறிஞ்சுங்க. கடிக்காதீங்க."

"உடம்புலயே கெட்டியான பொருள் எனாமல்தான்னு நீதானே சொல்லுவ?"

"கெட்டிதான். உடைஞ்சா திரும்ப வளராது."

உறிஞ்சினேன்.

மறுநாள் சாயங்காலம் மாநாடு முடிந்ததும் என் சட்ட நுணுக்கத்தை எடுத்து வைத்தேன். அல்வா, பருத்திப்பால், ஜிகர்தண்டா. மூன்றையும் மூன்று வேளையாகச் சாப்பிட்டால் பல்லுக்கு மூன்று தாக்குதல். அரை மணிக்குள் முடித்துவிட்டால் ஒரே தாக்குதல். விஞ்ஞானம் என் பக்கம், பேராசிரியர் சாட்சி. என் மனைவி கொஞ்ச நேரம் என்னை, அதாவது என் பல்லை, பார்த்தாள். "சரி. ஆனா அரை மணின்னா அரை மணி" என்று கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரயில் நிலையம் பக்கம் பிரேமா விலாஸில் ஆவி பறக்கும் கோதுமை அல்வாவை இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். நெய் விரலில் வழிகிறது. நிதானமாகச் சாப்பிட வேண்டிய வஸ்து. "ஆரம்பிச்சாச்சு" என்றாள் என் மனைவி. வாயைச் சுட்டுக்கொண்டு விழுங்கினேன். வழியில் ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் மணக்க, தேங்காய்ப் பூ தூவித் தந்ததை ஊதி ஊதிக் குடிக்கும்போது, "பன்னெண்டு நிமிஷம்" என்று காதருகே அறிவிப்பு. ஆட்டோ பிடித்தோம். மாசி வீதி நெரிசலில் நான் தவித்ததைப் பார்த்த டிரைவர், "ரயிலுக்கு நேரமாச்சா சார்? ஸ்டேஷன் பின்னாடில்ல இருக்கு?" என்று கேட்டார். "எனாமலுக்கு நேரமாச்சு" என்றேன். அப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அவர் விளக்குத்தூணில் கொண்டுவந்து விட்டார்.

ஜிகர்தண்டா கடை முன்னால் மாநாடு மறுபடியும் கூடியிருந்தது. கழுத்து அட்டைகூடக் கழற்றாமல் ஆளுக்கொரு கிளாஸ். நடுநாயகமாகப் பேராசிரியர். என்னைப் பார்த்ததும், "ஒரே மூச்சுல குடிச்சிடணும், வச்சு உறிஞ்சக் கூடாது" என்று கொள்கை விளக்கம் கொடுத்தார். என் கையில் கிளாஸ் வந்தது. அடியில் கடற்பாசி, அதன்மேல் நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால், உச்சியில் ஐஸ்கிரீம். "இன்னும் ஆறு நிமிஷம்தான்" என்றாள் என் மனைவி.

மடமடவென்று கவிழ்த்தேன். சுரீர்!

கண்ணை மூடி, தோளைத் தூக்கி, இடது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டேன். உலகத்தில் வேறு எந்தக் கூட்டத்தில் இதைச் செய்திருந்தாலும் தப்பித்திருப்பேன்.

"எந்தப் பல்?" என்றாள் என் மனைவி.

நான் பதில் சொல்வதற்குள் நாலைந்து செல்போன் டார்ச்சுகள் எரிந்தன. "ஆ காட்டுங்க சார்." "தலையைக் கொஞ்சம் தூக்குங்க." "ட்வென்டி சிக்ஸ் மேடம்." "பழைய ஃபில்லிங் ஓரத்துல விட்டிருக்கு." "ரூட் கெனால்தான்." "அதெல்லாம் வேண்டாம், ஃபில்லிங்கே போதும்." சாலையில் போனவர்களெல்லாம் நின்று என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் சேருவதைப் பார்த்து வந்த போக்குவரத்துக் காவலரும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேல இல்ல?" என்றார்.

பேராசிரியர் கையமர்த்தினார். "சில்லுன்னு பட்டதும் வந்த வலி உடனே போச்சா, நின்னு வலிச்சுதா? உடனே போனா ஃபில்லிங் போதும். நின்னு வலிச்சா ரூட் கெனால்."

கவனிக்கவில்லை என்றேன். அத்தனை வெளிச்சத்தில் யாருக்குத்தான் கவனிக்கத் தோன்றும்?

இதுவரை பேசாமல் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர், "இன்னொன்னு குடிச்சுப் பாருங்க சார், தெரிஞ்சிரும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் சொல்றது சரி. இதுக்குப் பேர்தான் கோல்ட் டெஸ்ட்" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. இதே கணக்குலயே சேரும்" என்றாள்.

சோதனைதானே, துல்லியமாக இருக்கட்டும் என்று ஸ்பெஷல் ஜிகர்தண்டாவாகவே சொன்னேன்.