தீவகத்துப் பஞ்சி: தோற்றமும் பரவலும் அடக்கும் வழியும்

பழைய இலக்கியத்தில் பஞ்சி என்றால் பஞ்சு. யாழ்ப்பாணத்தில் பஞ்சி என்றால் எழும்ப மனமில்லாமை. இரண்டும் ஒரே சொல்தான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. பஞ்சுத் தலையணையில் தலை வைத்தபடியேதான் அந்த முடிவுக்கு வந்தேன். சொற்பிறப்பியல் அறிஞர்கள் மறுக்கக்கூடும். விடிய ஐந்து மணிக்கு எழும்பி வந்து மறுக்கட்டும்.

பஞ்சியைச் சோம்பலோடு சேர்த்து எண்ணுவது பிழை. ஒருவனைச் சோம்பேறி என்றால் கைகலப்பு வரும். "இண்டைக்குப் பஞ்சியாக் கிடக்கு" என்று அவனே சொன்னால், "அப்ப படுங்கோவன்" என்று போர்வை வரும். ஊர் முழுக்க அங்கீகரித்த நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை வாசகர் இங்கேயே விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஆய்வின் பின்னணி சுருக்கமானது. நான் யாழ்ப்பாணத்துத் தீவகத்து வேலணையில் இளைப்பாறிய ஆசிரியர். சீனி வருத்தம். கிளினிக்கில் டொக்டர் பிள்ளை கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் கைவீசி நடவுங்கோ" என்றார். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் அதே அரை மணித்தியாலம். ஆக டொக்டர் பிள்ளையும் ஜெனீவாவும் ஒத்துப்போகிறார்கள். ஒத்துப்போகாதது என் கால்.

மாதிரியின் அளவு ஒன்று, அது நான். ஒப்பீட்டுக்கு என் மனைவி. அவ கிணற்றடிக்கும் குசினிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் நாள் முழுக்க நடக்கிறா. அது உடற்பயிற்சி என்று அவவுக்குத் தெரியாது. தெரிந்தால் நிறுத்திவிடுவாவோ என்ற பயத்தில் ஆய்வாளர் இதுவரை சொல்லவில்லை.

தொல்காப்பியர் வழியில் நிலத்தையும் பொழுதையும் முதலில் பார்த்தேன். நிலம் நெய்தல், அதில் மாற்றமில்லை. பொழுதைத் தீவகத்தில் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. வைகாசியில் சோளகம் தொடங்கினால் மண்ணை அள்ளிக் கண்ணில் போடும், நடக்க ஏலாது. கார்த்திகையில் வாடை, சளி பிடிக்கும். இடையில் காற்று விழுந்த நாட்களில் புழுக்கம், மூச்சு முட்டும். நடப்பதற்குத் தோதான காற்று வருடத்தில் ஒரு நாளும் வீசுவதில்லை என்று குறித்துக்கொண்டு, ஆய்வை அத்தோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் ஒரு முரண் இடித்தது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் படிப்பித்த காலத்தில் நான் வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் போய்வந்தவன். சோளகக் காலத்தில் காலமை போகும்போது காற்று முதுகில் தள்ளும், மிதிக்கத் தேவையில்லை. பின்னேரம் திரும்பினால் அதே காற்று நெஞ்சில் கை வைத்து மறிக்கும். இரண்டு பக்கமும் பரவைக்கடல், ஒதுங்க ஒரு மரமில்லை. எழும்பி நின்று மிதித்தாலும் சைக்கிள் நின்ற இடத்தில் நிற்பதுபோல இருக்கும். அப்போது ஒருநாளும் எனக்குப் பஞ்சி வந்ததில்லை. ஏன்?

இங்கே ஒல்லாந்தரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் நமது தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தார்கள். வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் சேர்த்து லெய்டன், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க். அசல் மிடில்பேர்க் ஒல்லாந்தின் சீலாந்து மாகாணத்துத் தலைநகர். அந்த மாகாணத்தில் 2013 முதல் எதிர்க்காற்றுச் சைக்கிள் போட்டி நடக்கிறது. கடலை மறித்துக் கட்டிய அணைக்கு மேலே 8.5 கிலோமீற்றர், கியர் இல்லாத சைக்கிள். புயலடிக்கும் நாளாகப் பார்த்து வைக்கிறார்கள். வென்றவருக்குப் பரிசும் கிடைக்கும். அதே காற்றில், அதே மாதிரிச் சைக்கிளில், பின்னால் ஒரு மூட்டை அரிசியும் கட்டிக்கொண்டு, நமது மிடில்பேர்க் ஆட்கள் தலைமுறையாக மிதித்திருக்கிறார்கள். பரிசை விடுங்கள், போட்டியில் நிற்கிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. மிதித்தார்கள், ஏனென்றால் வீடு அந்தப் பக்கம் இருந்தது.

கருதுகோள் இந்த இடத்தில்தான் பிறந்தது. ஆனாலும் ஆய்வுமுறை என்று ஒன்று உண்டு, மற்ற வழிகளையும் பார்த்தேன்.

ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் அடி எண்ணும் கைப்பட்டி ஒன்று அனுப்பினான். நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். இந்தக் கணக்கு மருத்துவர் சொன்னதல்ல. 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த அடிமானி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. விளம்பரம் பிறகு வைத்தியமாகிவிட்டது. கைப்பட்டியைக் கட்டிக்கொண்டு மனைவிக்கு உதவியாகத் திருவலையில் ஒரு பாதித் தேங்காய் திருவினேன். சிரட்டை தெரியமுன் கைப்பட்டி நூறைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு முழுத் தேங்காயையும் நானே திருவினேன். மனைவி மூன்று நாள் சந்தேகமாகப் பார்த்தா.

லண்டனில் 96 பேரை வைத்து ஆராய்ந்து, ஒரு செயல் பழக்கமாகச் சராசரி 66 நாள் ஆகும் என்று 2009 இல் எழுதினார்கள். தீவகத்தில் கோயில் இல்லாத 66 நாளை எங்கே தேடுவது? ஆனி மாதம் நயினாதீவில் திருவிழா. குறிகட்டுவானில் வரிசையில் நின்று வள்ளமேறி, கால்மணித்தியாலத்தில் இறங்கி, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தால் அன்னதான மண்டபம். பெயர் அமுதசுரபி. மணிமேகலை அதே பெயருள்ள அட்சயபாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவுதான் என்பவர்கள் உண்டு. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கிடைத்த தீவில், இரண்டாந்தரம் சோறு வேண்டாம் என்று கை மறிப்பது இலக்கியத்துக்கே செய்யும் அவமரியாதை. நான் செய்யவில்லை.

கடைசியில் உண்மையாகவே நடந்து பார்த்தேன். முதல்நாள் படலையைத் தாண்டி ஐம்பது யார் போயிருக்க மாட்டேன்.

"மாஸ்ரர், எங்க போறியள்?"

"ஒரு இடமும் இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன்."

"சும்மாவோ?" பெடியன் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிவிட்டான். "ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

எங்கே விடுவான்? வேண்டாம் என்றால், "என்ன, எங்களோட கோவமோ?" என்பான். ஏறினேன். வங்களாவடிச் சந்தியில் இறக்கிவிட்டான். திரும்பி நடக்கத் தொடங்க இன்னொருவன் ஏற்றிவந்து படலையில் விட்டான். மொத்த நடை ஒரு நூறு யார். மூன்றாம் நாள் மனைவி கேட்டா: "இஞ்சருங்கோ, நீங்கள் வீட்டில கோவிச்சுக்கொண்டு திரியிறியள் எண்டு கதைக்கினம், உண்மையோ?"

ஆக, பஞ்சியின் வேர் காலிலும் இல்லை, காற்றிலும் இல்லை. "எங்க போறியள்?" என்ற கேள்வியில் இருக்கிறது. தீவகத்தில் காரணமில்லாமல் எவரும் நடப்பதில்லை. என் உடம்புக்காக நடக்கிறேன் என்பதை ஊர் ஒரு காரணமாக எடுப்பதில்லை, சொல்லும் வாய்க்கும் அது கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தைத்தான் விடியக்காலையில் நாம் பஞ்சி என்று மொழிபெயர்க்கிறோம். சரிபார்க்க, குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம் கடலில் ஆடிக்கொண்டு நெடுந்தீவுக்கும் போனேன். அங்கே கோடையில் குதிரைகள் புல்லும் தண்ணீரும் தேடி நாள் முழுக்க வெளியில் நடக்கின்றன. எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒன்றுக்கும் தொந்தி இல்லை.

தீர்வு ஒரு பழைய உமல். பனையோலை உமல் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். "எங்க போறியள்?" "கடைக்கு." அவ்வளவுதான், கேள்வி செத்தது. ஏற்றவந்த பெடியனுக்கு, "வழியில ரெண்டு வீட்டில கதைக்க வேணும், நீ போ" என்றேன். வெறும் உமலோடு நாலு நாள் போனது.

ஐந்தாம் நாள் முன்வீட்டு ஆச்சி, "கடைக்குத்தானே போறாய் தம்பி, எனக்கும் ஒரு றாத்தல் பாண்" என்றா. அடுத்த நாள் பக்கத்து வீடு. அதற்கடுத்த கிழமை ஒழுங்கைக்குள் இருக்கும் பிள்ளைத்தாச்சி. இப்போது ஏழு வீடு. பாண் கொடுக்கும் வீட்டில் தேத்தண்ணி தருவார்கள், சீனி போடவேண்டாம் என்றால் முகம் சுருங்கும். இந்த இடையூறு தனியாக ஆராயப்பட வேண்டியது. ஒருநாள் சோளகம் உச்சத்தில் அடிக்க, பஞ்சியாகக் கிடக்கிறது என்று திரும்பிப் படுத்தேன். ஆறரைக்கு ஆச்சி படலையில் நின்று தட்டினா.

போன கிளினிக்கில் டொக்டர் பிள்ளை புதிய கணக்கைப் பழைய கணக்கோடு வைத்து இரண்டுதரம் பார்த்தார்.

"ஐயா இப்ப ஒழுங்கா நடக்கிறியள் போல?"

"எங்க பிள்ளை நேரம்?" என்றேன். "விடிஞ்சா பாண் வாங்கப் போகவேண்டிக் கிடக்கு."