டயர் கடை முதலாளிக்கு ஒரு வாழ்த்து

முதலாளி, முதலில் உங்கள் வேகத்துக்கு என் வணக்கம். காரை உள்ளே விட்டுவிட்டு, எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ குடித்து வருவதற்குள் நான்கு புது டயரும் ஏறியிருந்தன; பில்லும் எழுதியாகிவிட்டது. ரிம்மின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்திருந்த தோட்டத்து ரோட்டுச் சேற்றைச் சுரண்ட உங்கள் கடைப் பையன் வயர் பிரஷை எடுத்தான். “அதெல்லாம் ஓட ஓடப் போயிரும்டா, ஏத்து” என்றீர்கள். உங்கள் வாக்கு பொய்க்கவில்லை. ஓட ஓடப் போய்விட்டது.

உங்கள் பெலன்ஸ் மெஷினும் பொய் சொல்லவில்லை. சேற்றோடு சுழன்ற சக்கரத்துக்குச் சேற்றையும் சேர்த்தே கணக்குப் பார்த்தது. எதிர்ப்பக்கம் வெயிட் ஒட்டச் சொன்னது; ஒட்டினீர்கள்; திரையில் இரண்டு பக்கமும் சைபர் வந்தது. மழையில் தலவாக்கலைக்குப் போய் வந்ததும் சேறு கழன்று விழுந்துவிட்டது. வெயிட் மட்டும் இம்மியும் நகராமல் நின்றது. அவ்வளவு உறுதியாக ஒட்டத் தெரிந்தவர்கள் குறைவு. எந்தப் பாரத்தைச் சரிக்கட்ட அது வந்ததோ அந்தப் பாரம் போன பிறகு, அந்த வெயிட்டேதான் கோளாறு.

நட்டை அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் ஒன்றை நீங்கள் வைத்திருக்கிற பக்குவத்தையும் சொல்ல வேண்டும். கண்ணாடி அலமாரியில், எண்ணெய் பூசி, மெத்தை வைத்த பெட்டியில் கிடக்கிறது. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் கைப்பிடியில் இன்னும் கலையவில்லை. அதற்கு ஒரு கீறல் விழாமல் காப்பாற்றி, வேலை முழுவதையும் ஏர் கன்னிடம் வாங்கிக்கொள்கிறீர்கள். சிறிய கார்களின் வீல் நட்டுக்குக் கம்பனி சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் கன் இறுக்கிய நட்டோ, காரோடு வந்த ஸ்பேனரைப் போட்டு ஆள் ஏறி மிதித்தாலும் அசையாது. கொட்டும் மழையில், இருட்டில், பஞ்சர் ஆகி நிற்கிற குடும்பத்துக்கு அந்த உறுதி நன்றாகப் புரியும்.

கடைக்கு இடம் தேர்ந்தெடுத்ததிலும் நீங்கள் கெட்டிக்காரர். நானுஓயா கடல்மட்டத்துக்கு மேலே 1,600 மீட்டரில் இருக்கிற ஊர். இங்கே வளைவுக்கு வளைவு மணிக்கு நாற்பதைத் தாண்டுவதே அரிது. பதினான்கு அங்குல ரிம்மின் விளிம்பில் 30 கிராம் வித்தியாசம் இருந்தால், நாற்பதில் அது சக்கரத்தை இழுக்கிற விசை ஒரு கிலோவைக் கூட எட்டாது, கைக்குத் தெரியாது. வேகம் இரண்டரை மடங்கானால் விசை ஆறு மடங்குக்கு மேல் ஏறும். நூறில் அதே 30 கிராம் ஐந்து கிலோ பாரமாகி, செக்கனுக்குப் பதினாறு தடவை ஸ்டியரிங்கை உதறும். ஆக, உங்கள் வேலையை இந்த மலை முழுவதும் கூடி நின்று காக்கிறது. ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அக்கா மகள் வேலைக்காக சவூதி போகிற இரவு அது. கடுவெலயில் அதிவேக வீதியில் ஏறி எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. தொண்ணூறில் கை மரத்தது. எழுபதுக்கு இறக்கினால் அமைதி. பின்சீட்டில் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, என்ன சத்தம்?” என்று கேட்டாள். பாரவண்டிகள் ஹோர்ன் அடித்து முந்திப்போக, கட்டுநாயக்க வரைக்கும் இடது ஓரமாகவே போய்ச் சேர்ந்தோம்.

திரும்பி வந்து சொன்னபோது நீங்கள் ஒரு விநாடியும் யோசிக்கவில்லை. அந்த அறிவுக்கு ஈடில்லை. எந்த வேகத்தில் என்று கேட்கவில்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டுமா என்று கேட்கவில்லை. கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா என்றும் கேட்கவில்லை. “எலைன்மென்ட் போட்டா சரி” என்றீர்கள். போட்டோம். எலைன்மென்ட் ஒரு பக்கம் இழுப்பதையும், டயர் ஓரம் தேய்வதையும் திருத்தும்; உதறலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பிறகு பிரேக் டிஸ்க், பிறகு டை ரொட் எண்ட். பழைய டயரில் நேற்றுவரை சரியாக ஓடிய கார் இது. அதில் உங்கள் கை படாத ஒவ்வொரு பாகத்திலும் உங்களுக்குச் சந்தேகம் வந்தது. தன் கை பட்ட இடத்தின் மேல் இத்தனை நம்பிக்கை வைத்திருக்கிற ஒரு தொழிலாளியை நான் கண்டதில்லை.

உங்கள் அளவுக்கு வேகமில்லாத ஒருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன். காரைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகளாகவே கேட்டார். எண்பதுக்கு மேல்தான் வருகிறது, கையில்தான் தெரிகிறது என்றதும், “அப்ப முன்சக்கரம். பெலன்ஸ்தான் முதல்ல பாக்கணும். இருபது முப்பதுல ஆடுனா ரிம் கோணல், இல்லாட்டி டயர் சரியா குந்தல, பிரேக்ல மட்டும் வந்தா டிஸ்க்” என்றார். முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினால் நடுக்கம் கையை விட்டு சீட்டுக்குப் போனது. முதல் குற்றவாளி சக்கரம்தான்.

பிறகு ஜாக்கில் தூக்கி, டயர் ஓரத்தில் சோக்குக் கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். கோடு ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் விழாமலும் போனது. ரிம்மை ஒட்டி டயரைச் சுற்றி ஓடுகிற மெல்லிய வரம்பை விரலால் தடவிக் காட்டினார். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருந்தது, டயர் ஒழுங்காகக் குந்தியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால், ஹப்பின் முகத்தில் துரு தடித்துக் கிடந்தது. ஹப்பில் அரை மில்லிமீட்டர் பொருக்கு நின்றால் டயர் ஓரத்தில் அது இரண்டு மில்லிமீட்டர் ஆட்டமாகிறது. நுவரெலியா ஈரத்தில் எந்தக் காருக்குத்தான் துரு இல்லை? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இருப்பதையே ஓட்டுகிறோம், எல்லார் ஹப்பும் கிழடுதான். துருவைத் தேய்த்தெடுத்து, சேறில்லாத ரிம்மை வேறொரு கடையில் புதிதாக பெலன்ஸ் பார்த்து, கையால் நட்டை இறுக்கியதோடு நடுக்கம் போயிற்று.

வாழ்த்த வந்த இடத்தில் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரி 20 அன்று இரவு ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதை டயரோடு சேர்த்து நான் பேசவில்லை. ஆனால் அந்த வீதியின் இறக்கத்தைத் தினமும் கடக்கிற எங்களுக்கு, வண்டியின் கீழே யார் கை வைத்தது, எப்படி வைத்தது என்பது சின்ன விஷயமல்ல. உங்கள் கடைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்காரர்கள், நோயாளியைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள்.

அடுத்து ஒருவர் ஸ்டியரிங் ஆடுகிறது என்று வந்தால், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். ரிம்மைச் சுரண்டுங்கள், ஹப்பைத் துடையுங்கள், அலமாரியைத் திறந்து அந்த ரென்ச்சை எடுங்கள். அதற்குப் போகிற அரை மணித்தியாலத்தையும் பில்லில் எழுதுங்கள், முதலாளி. அந்தக் காசைத் தர எங்களுக்கு மனமிருக்கிறது.